கழிவறை அடைத்துக்கொண்டால்: பீங்கானும் குழாயும் கெடாமல் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நின்றால் கை முதலில் போவது ஃப்ளஷ் பட்டனுக்குத்தான். இன்னொரு தடவை அழுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. போகாது. டேங்கில் இருக்கும் ஆறு லிட்டரும் கோப்பையில் ஏறி, விளிம்பைத் தாண்டித் தரைக்கு வரும். அடுத்து கை போவது ஆசிட் பாட்டிலுக்கு. அதுவும் பலிக்காவிட்டால் மொட்டை மாடியில் கிடக்கும் இரும்புக் கம்பிக்கு. அடைப்பு தானாகச் செய்யும் கெடுதல் குறைவு. விரிசல் விட்ட பீங்கான், ஓட்டை விழுந்த டிராப் (கோப்பைக்கு அடியில் உள்ள வளைவு), கீழ்வீட்டுக் கூரையில் கசிவு, முகத்தில் தெறித்த ஆசிட் இதெல்லாம் இந்த மூன்று அவசரங்களால் வருபவை.

பெரும்பாலான அடைப்பை வீட்டிலேயே, சோப்பும் தண்ணீரும் ஒரு ரப்பர் பம்பும் வைத்து எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அடைப்பு எங்கே இருக்கிறது? உள்ளே போனது கரையும் பொருளா, கரையாத பொருளா? இந்த இரண்டும் தெரியாமல் செய்யும் எந்த வேலையும் குருட்டு வேலைதான்.

முதல் ஐந்து நிமிடம்

ஃப்ளஷைத் தொடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள், முக்கியமாகக் குழந்தைகளிடம். வெஸ்டர்ன் கழிவறை என்றால் சுவரில், டேங்குக்குத் தண்ணீர் போகும் சின்னக் குழாயின் தொடக்கத்தில் ஆங்கிள் வால்வு இருக்கும். அதை வலப்பக்கம் திருகி மூடுங்கள். வருடக்கணக்கில் திறக்காத வால்வு உப்புப் பிடித்து இறுகியிருக்கும். அதை இடுக்கி போட்டு முறுக்கினால் உடைந்து பீய்ச்சும். அப்படியிருந்தால் விட்டுவிட்டு டேங்க் மூடியைத் திறந்து மிதவையை மேலே தூக்கி ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள், தண்ணீர் நின்றுவிடும்.

ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மிதியடி, துண்டு, வாளி, பிரஷ் எல்லாம் வெளியே. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய துணி, வழுக்காத செருப்பு. கண்ணாடி எதற்கு என்று பலர் கேட்பார்கள். பம்ப் அடிக்கும்போது தெறிக்கும் துளி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். சாதாரண மூக்குக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். தரையில் பழைய செய்தித்தாளை நாலைந்து அடுக்காக விரித்துவிட்டால் பின்னால் கழுவும் வேலை பாதியாகும்.

அடைப்பு எங்கே?

கோப்பைக்கு அடியில் அல்லது பின்னால் ஒரு வளைவு இருக்கிறது, அதுதான் டிராப். அதில் எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சாக்கடை வாடையும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வெஸ்டர்ன் கழிவறையில் இந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். உள்வழி சுமார் இரண்டு அங்குலம்தான் அகலம். இந்தியன் கழிவறையில் பேசின் தனி, டிராப் தனி. டிராப் தரைக்குள் புதைந்திருக்கும். அதைத் தாண்டினால் 110 மி.மீ. பிவிசி குழாய், நாம் நாலு அங்குலக் குழாய் என்று சொல்வது. அது வெளியே சேம்பருக்கும் (மண்ணுக்குள் மூடி போட்டிருக்கும் சிறு தொட்டி), அங்கிருந்து செப்டிக் டேங்குக்கோ பாதாள சாக்கடைக்கோ போகிறது. குறுகலான இடம் டிராப்தான் என்பதால் பெரும்பாலான அடைப்பு அங்கேதான் சிக்கும்.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. வீட்டில் இன்னொரு கழிவறை இருந்தால் அதில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குளியலறைத் தரையில் உள்ள ஜாலியில் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் ஒழுங்காகப் போய், இது ஒன்று மட்டும் நின்றால் அடைப்பு இந்தக் கழிவறையின் டிராப்பில் இருக்கிறது. வேலை உங்கள் கைக்குள். வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கழிவறை களக் களக் என்று கொப்பளித்தாலோ, தரை ஜாலி வழியாக அழுக்குத் தண்ணீர் மேலே வந்தாலோ, அடைப்பு தூரத்தில் இருக்கிறது. அதற்குப் பம்ப் அடிப்பது வீண், சில வேளை அழுக்கு வேறொரு ஓட்டை வழியாகக் கிளம்பும்.

தனி வீடாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம். வெளியே கழிவறைக்கு அடுத்துள்ள முதல் சேம்பரின் மூடியைக் கடப்பாரையால் ஓரமாக நெம்பி நகர்த்திப் பாருங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி அருகில் கூடாது. குனிந்து முகத்தை உள்ளே நீட்டக் கூடாது, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி தள்ளி நில்லுங்கள். சேம்பர் கிட்டத்தட்ட காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் விளிம்பு வரை நிறைந்து நின்றால் அடைப்பு அதைத் தாண்டி. அப்படியென்றால் நடுப்பகுதியை விட்டுவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். மேலே இருந்து வரும் பொதுக் குழாய் கீழே அடைத்தால், நாலு வீட்டுத் தண்ணீரும் அவர்கள் கோப்பையில்தான் எட்டிப் பார்க்கும். உடனே சங்கத்திடம் சொல்லி மேல்வீட்டுக்காரர்களைத் தண்ணீர் விடாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

உள்ளே போனது என்ன?

இதைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே அடைப்பு என்றால் பெரும்பாலும் காகிதம். ஊறினால் கரையும், தள்ளினால் போகும். நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். நம் வீட்டில் அடைப்பது பெரும்பாலும் தவறி விழுந்த பொருளோ, போடக் கூடாத பொருளோதான். ஷாம்பு சாஷே, பினாயில் பாட்டில் மூடி, சோப்புத் துண்டு, கோப்பை விளிம்பில் மாட்டும் வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கூடு, தேய்க்கும் நார், பல் துலக்கும் பிரஷ், குழந்தையின் பொம்மை, டயப்பர், நாப்கின்.

நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும். உள்ளே போகும்போது மெலிதாக இருந்தது டிராப்பில் போய்ப் பொங்கி அடைத்துக்கொள்ளும். நேரமாக ஆக இன்னும் இறுகும். இதைக் கரைக்கும் எதுவும் கடையில் இல்லை.

ஆகவே வீட்டில் கேளுங்கள். கோபமாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அதுவும் வீட்டில் வயசுக்கு வந்த பிள்ளையோ விருந்தாளியோ இருந்தால் நிச்சயம் சொல்ல மாட்டார்கள். பதில் தெரிந்தால் வழி தெரியும். கழிவு, காகிதம், சோப்பு போல ஊறி இளகும் பொருள் என்றால் முன்னே தள்ளலாம். பிளாஸ்டிக், துணி, நாப்கின் என்றால் பின்னே இழுத்து வெளியே எடுக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டால் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருந்தது தரைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு டைல்ஸை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

விழுந்த பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் வேறு எதுவும் செய்யாதீர்கள். மக்கால் தண்ணீரை வாளிக்கு மாற்றிவிட்டு, கையுறைக்கு மேல் ஒரு கெட்டியான பாலிதீன் பையைத் தோள் வரை மாட்டிக்கொண்டு கையால் எடுத்துவிடுங்கள். அருவருப்புதான், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான வழி வேறில்லை. கையை வளைவுக்குள் வலுக்கட்டாயமாக நுழைக்காதீர்கள். பீங்கானில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் கையைக் கிழித்துவிடும்.

சோப்பும் வெந்நீரும்

இளகும் அடைப்பு என்றால் இதில் தொடங்குங்கள். கோப்பை நிறைந்து நின்றால் முதலில் பாதியாகும் வரை மக்கால் எடுங்கள். எடுத்த தண்ணீரை மூடி போட்ட வாளியில் வைத்து, பின்னால் அடைப்பு நீங்கியதும் அதே கழிவறையில் ஊற்றலாம். செடிக்கோ தெருச் சாக்கடைக்கோ வேண்டாம்.

பாத்திரம் கழுவும் திரவ சோப்பு அரை டம்ளர் ஊற்றுங்கள். பால் போலப் பரவிக் கீழே இறங்க பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் வெந்நீர் அரை வாளி. சூடு எவ்வளவு என்பதுதான் இங்கே முக்கியம். கை வைத்தால் பொறுக்கும் சூடு, அவ்வளவே. அடுப்பில் தளதளவென்று கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினால் குளிர்ந்த பீங்கான் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விரிந்து வெடிக்கும். வெடிப்பு மயிரிழை அளவில் இருக்கும், அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தரையில் ஈரம் வரும்போது தெரியும். பிவிசி குழாயும் அவ்வளவு சூட்டில் இளகி வளையும்.

வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். நீர்மட்டம் மெல்ல இறங்கினால் நல்ல அறிகுறி. இன்னொரு முறை செய்யுங்கள். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்லிப் பலர் சொல்கிறார்கள். நுரை பொங்கும், பார்க்க நம்பிக்கையாக இருக்கும், ஆனால் திறந்த கோப்பையில் அந்த நுரைக்கு எதையும் தள்ளும் வலு கிடையாது. கெடுதல் இல்லை, அதனால் செய்தால் செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே ஆசிடோ டிரெயின் பவுடரோ போட்டிருந்தால் வேண்டாம்.

நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது அரை வாளிச் சாதாரணத் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கோப்பையின் நடுவில் ஊற்றிப் பார்க்கலாம். ஃப்ளஷ் டேங்க் தண்ணீரை விளிம்பு வழியாகச் சுற்றிவிட்டு அனுப்புகிறது. வாளித் தண்ணீர் நேராக விழுவதால் உந்துதல் கூடுதல். பாதி அடைப்புக்கு இதுவே போதும். கோப்பை நிறைந்திருக்கும்போது மட்டும் செய்யக் கூடாது.

ரப்பர் பம்ப்

ஹார்ட்வேர் கடையில் பிளஞ்சர், டாய்லெட் பம்ப் என்று கேட்டால் தருவார்கள். இரண்டு வகை உண்டு. வெறும் அரைக்கோளக் கிண்ணம் வாஷ்பேசினுக்கும் தரை ஜாலிக்கும் ஆனது. கிண்ணத்துக்குக் கீழே இன்னொரு ரப்பர் கழுத்து நீண்டிருந்தால் அது வெஸ்டர்ன் கழிவறைக்கு. அந்தக் கழுத்து ஓட்டைக்குள் போய் உட்காரும்போதுதான் காற்று கசியாமல் பிடிக்கும். இந்தியன் பேசினுக்கு அகலமான வெறும் கிண்ணமே பொருந்தும். வீட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும், அடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கடை தேடுவது பெரும்பாடு.

கிண்ணம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மூழ்காவிட்டால் காற்றைத்தான் அழுத்துவீர்கள், காற்று சுருங்கிக்கொள்ளும், அடைப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. தண்ணீர் போதாவிட்டால் மக்கால் ஊற்றிக்கொள்ளுங்கள். கிண்ணத்தைச் சாய்வாக இறக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு நேராக்குங்கள். விளிம்பில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் நன்றாக ஒட்டும். முதல் அழுத்து மெதுவாக. முதல் அழுத்தை வேகமாகக் கொடுத்தால் மீதமிருக்கும் காற்று தண்ணீரோடு முகத்துக்கு வரும். பிறகு ஒரே தாளத்தில், ரப்பரின் பிடி விடாமல், பதினைந்து இருபது தடவை மேலும் கீழும். அழுத்துவதைவிட இழுப்பதில் வலுவைப் போடுங்கள். கரையாத பொருள் என்றால் இது கட்டாயம்: மென்மையாக அழுத்தி, வேகமாக இழுக்க வேண்டும், சிக்கியது மேலே வந்தால் கையால் எடுத்துவிடலாம். கடைசி இழுப்பில் கிண்ணத்தைச் சட்டென்று எடுத்துப் பாருங்கள். தண்ணீர் சுழன்று இறங்கினால் முடிந்தது.

இறங்கவில்லையா, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி. மூன்று நான்கு சுற்று வரை பொறுமையாகச் செய்யலாம். சுவரில் தொங்கும் வகைக் கழிவறையில் முழு உடம்பு பாரத்தையும் போட்டுக் குத்தாதீர்கள். சுவருக்குள் உள்ள ரப்பர் இணைப்பு நழுவினால் சுவரை உடைக்காமல் சரிசெய்ய முடியாது.

பம்ப் இல்லாத நேரத்துக்கு ஒரு பழைய உபாயம் உண்டு. துணி மாப்பின் தலையை ஒரு கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, கழுத்தைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டி அதையே பம்பாகப் பயன்படுத்தலாம். இந்தியன் பேசினின் ஓட்டைக்கு இது அருமையாகப் பொருந்தும், கடையில் விற்கும் கிண்ணத்தைவிடவும் சில பேசினுக்கு இதுதான் நல்லது. கட்டு இளகி உள்ளே பை கழன்றுவிட்டால் புது அடைப்பாகிவிடும், ஆகவே முடிச்சை இரண்டாகப் போடுங்கள். பக்கத்துத் தரை ஜாலி அதே குழாயில் சேர்ந்தால் அழுத்தம் அந்த வழியாகப் போய்விடும். ஈரத்துணியைச் சுருட்டி அதன்மேல் வைத்து ஒருவரை மிதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் கம்பி

பம்புக்கு அசையாதது என்றால் ஸ்பிரிங் கம்பி. டாய்லெட் ஆகர் என்று விற்பதில் ஒரு வளைந்த குழாயும், நுனியில் ரப்பர் உறையும், மேலே சுற்றும் கைப்பிடியும் இருக்கும். அந்த ரப்பர் உறைதான் காசுக்கு மதிப்பு. கம்பி பீங்கானில் உரசாமல் காப்பாற்றுவது அதுதான். வெறும் ஸ்பிரிங் சுருள் மலிவாகக் கிடைக்கும். அதைப் பயன்படுத்தினால் கோப்பையில் உரசும் பகுதிக்குப் பழைய துணியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நுனியை ஓட்டைக்குள் விட்டுக் கைப்பிடியை வலமாகச் சுற்றிக்கொண்டே மெல்லச் செலுத்துங்கள். தட்டினால் அது அடைப்பாக இருக்கலாம், வெறும் வளைவாகவும் இருக்கலாம். குத்தாதீர்கள். கொஞ்சம் பின்னே இழுத்து, சுற்றி, மறுபடி விடுங்கள். வளைவு என்றால் நழுவிப் போகும். அடைப்பு என்றால் கையில் ஒரு மெத்தென்ற தடை தெரியும். அப்போது இன்னும் நாலு சுற்று சுற்றினால் நுனி அதில் கொக்கி போட்டுக்கொள்ளும். இப்போது சுற்றுவதை நிறுத்தாமல் மெதுவாக வெளியே இழுங்கள். துணி, நார், நாப்கின் எல்லாம் இப்படித்தான் வரும்.

நேர் இரும்புக் கம்பி, கடப்பாரை, கட்டுமானக் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள். பீங்கானின் மேல்பூச்சு கீறினால் அங்கே அழுக்கு நிரந்தரமாகப் பிடிக்கும். இந்தியன் கழிவறையில் தரைக்குள் இருக்கும் டிராப்பில் ஒரு குத்து தவறாக விழுந்தால் ஓட்டைதான். அடைப்பு போய்விட்டது என்று நீங்கள் சந்தோஷப்படும்போது கழிவு மண்ணுக்குள்ளோ கீழ்வீட்டுக் கூரைக்குள்ளோ இறங்கிக்கொண்டிருக்கும். காற்றழுத்தத் துப்பாக்கி என்று ஆன்லைனில் விற்பதையும் பழைய வீட்டில் பயன்படுத்த நான் சொல்ல மாட்டேன். பசை போட்டு ஒட்டிய பழைய பிவிசி இணைப்பு திடீர் அழுத்தத்தில் விட்டுப்போகலாம், அழுக்கும் திரும்பி மேலே அடிக்கும்.

ஆசிடும் டிரெயின் பவுடரும்

தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் கொண்டுவந்து விற்கும் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது உப்புக் கறையைக் கரைக்கும். அடைப்பைக் கரைக்காது. பிளாஸ்டிக், துணி, நாப்கின் எதுவும் அதற்கு அசையாது. ஆனால் டைல்ஸ் இடுக்கின் சிமெண்டை அரிக்கும், குரோமியம் பூசிய குழாய்களை ஆவியாலேயே கறுக்கவைக்கும். டிரெயின் பவுடர் என்று பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. சமையலறைக் குழாயில் கொழுப்பைக் கரைக்க அது உதவும். கழிவறைக் கோப்பையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது போட்டால் அடியில் படிந்து, கட்டியாகி, அந்த இடத்தைச் சூடாக்கும். புது அடைப்பும் ஆகும், பீங்கானிலும் விரிசல் விழும்.

இவற்றைக் கலந்துவிட்டால் ஆபத்து வேறு மாதிரி. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைச் சுடும். ஹார்பிக் போன்ற கழிவறைத் திரவங்களும் அமிலம்தான், அவற்றோடும் பிளீச் சேரக் கூடாது. ஆசிடும் காஸ்டிக்கும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும். காரமான வாடை வந்து கண் எரிந்தால் கழுவிப் பார்க்கலாம் என்று நிற்காமல் உடனே வெளியே போய்க் கதவைத் திறந்துவிடுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம் கழுவ வேண்டும். அதற்குமேல் எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தேவையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால் பம்ப் அடிக்காதீர்கள், தெறிக்கும். பிளம்பர் வந்ததும் முதல் வேலையாக எதை, எப்போது ஊற்றினீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் குனிந்து கை விடும்போது காயம் அவருக்குத்தான்.

அடைப்பு போனபின்

நேராக ஃப்ளஷ் பண்ணாமல் ஒரு மக் ஊற்றுங்கள். இறங்கினால் அரை வாளி. அதுவும் தயங்காமல் இறங்கினால் ஆங்கிள் வால்வைத் திறந்து டேங்கை நிரப்பி ஒரு ஃப்ளஷ். கோப்பையில் பழைய அளவுக்குத் தண்ணீர் தங்குகிறதா என்று பாருங்கள். தங்காமல் முழுவதும் உறிஞ்சிக்கொண்டு போனால் உள்ளே துணிபோல ஏதோ இன்னும் தொங்குகிறது, அல்லது காற்றுக்குழாயில் கோளாறு.

காற்றுக்குழாய் என்பது மொட்டை மாடிக்கு மேலே நீண்டிருக்கும் குழாய். கொசு வராமலிருக்க அதன் வாயில் வலை கட்டச் சொல்வார்கள், நல்ல யோசனைதான். வலைக்குப் பதிலாகப் பழைய துணியைக் கட்டிவிட்டால் தூசி படிந்து காற்றே போகாது. காற்று போகாத குழாயில் தண்ணீர் திணறித் திணறித்தான் இறங்கும், அடைப்பு இல்லாமலே அடைப்பு போலத் தோன்றும். கண்ணி தெரியும் நைலான் வலை போதும்.

தரையைச் சோப்பால் கழுவிவிட்டு, கடைசியில் பிளீச்சிங் கரைசலால் மட்டும் துடைக்கலாம், ஆசிட் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகு. பம்பையும் கம்பியையும் அதே கரைசலில் அலசி வெயிலில் காயவைக்கவும்.

திரும்பத் திரும்ப அடைத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, மூடி போட்ட ஒரு சின்னக் குப்பைக்கூடையும் பழைய செய்தித்தாளும் கழிவறைக்குள் இருக்கிறதா? நாப்கினை எங்கே போடுவது என்று வழி இல்லாத வீட்டில் அது கோப்பைக்குள்தான் போகும், அதற்குப் பெண்களைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. இரண்டாவது, போர்வெல் உப்புத் தண்ணீர். விளிம்புக்கு அடியில் உள்ள ஓட்டைகளை உப்பு அடைத்தால் ஃப்ளஷின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கழிவு குழாயிலேயே தங்கும். வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க விளிம்புக்கடியில் செருகி, காலையில் பழைய பல் பிரஷால் தேய்த்தால் திறந்துகொள்ளும். கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று இந்தியன் பேசினில் ஒரு மக் மட்டும் ஊற்றினாலும் இதே கதிதான். துவைத்த தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம்

பம்பும் ஸ்பிரிங்கும் முயன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதா, கெட்டியான பிளாஸ்டிக் விழுந்தது நிச்சயமா, கோப்பையில் விரிசல் தெரிகிறதா, நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். வெள்ளை சிமெண்ட் போட்டு உட்காரவைத்த கோப்பையைக் கழற்றும் வேலை பழகிய கைக்கு மட்டும். திரும்ப வைக்கும்போது பழைய ரப்பர் வளையத்தை அப்படியே போடாமல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சிமெண்ட் இறுகக் குறைந்தது ஒரு நாளாவது அந்தக் கழிவறையில் உட்காரக் கூடாது.

சேம்பரும் செப்டிக் டேங்கும்

சேம்பர் நிறைந்து நின்றால் வெளியே நின்றபடியே நீளமான பிளவு மூங்கிலையோ பிவிசி தடியையோ போகும் பக்கக் குழாயில் விட்டு ஆட்டிப் பார்க்கலாம். வேர், துணி, கல் என்று ஏதாவது இருந்தால் அசையும். சேம்பருக்குள் காலை வைக்காதீர்கள், ஆழம் இடுப்பளவுதான் என்றாலும்.

பாதாள சாக்கடை உள்ள ஊரில் உங்கள் சேம்பர் காலியாகாமல் நிற்பது தெருக் குழாயின் அடைப்பாக இருக்கலாம். சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தெருக் குழாய் நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து வரும். அன்றைக்கு எந்தப் பம்பும் உதவாது. தண்ணீர் வடியும் வரை அந்தக் கழிவறையைப் பயன்படுத்தாமல் இருங்கள், மழை முடிந்ததும் தண்ணீரை எதிர்த்து வரவிடாத வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்துவது பற்றிப் பிளம்பரிடம் கேளுங்கள்.

கிராமத்தில் இரட்டைக் குழிக் கழிவறை என்றால் நிறைந்த குழியிலிருந்து அடுத்த குழிக்குச் சந்திப்புத் தொட்டியில் வழியை மாற்றிவிட்டால் போதும். நிறைந்த குழி ஒன்றரை இரண்டு வருடம் மூடியே கிடந்தால் உரமாகிவிடும். அதில் ஆசிடோ பினாயிலோ ஊற்றினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

செப்டிக் டேங்க் நிறைந்திருந்தால் அதற்கு ஒரே வழி உறிஞ்சும் லாரி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துவிட்டால் இந்த நிலையே வராது. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். வருகிறவர்களில் யாராவது அடியில் உள்ள சகதியை எடுக்க ஓர் ஆளை இறக்கலாமா என்று கேட்டால், கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். டேங்குக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். காப்பாற்றக் குதிக்கும் இரண்டாவது ஆளும் அப்படியே போகிறார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாவது பிரிவு பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அமர்த்தியவருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உயிர் போனபின் வரும் பணம் அது.

லாரியின் குழாய் அடிவரை எட்டவில்லை, சகதி கட்டியாக இருக்கிறது என்றால் டேங்கில் தண்ணீர் விட்டு, மேலே நின்றே நீளமான கம்பால் கலக்கி மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். நேரம் கூடும், காசும் கூடும், கொடுத்துவிடுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மூடியைப் பத்திரமாக மூடி, மேலே ஒரு கல்லையும் ஏற்றி வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடமென்றால் கயிறும் கட்டிவிடுங்கள். அடுத்த வண்டி வரும்வரை ஓரிரு நாள் பக்கத்து வீட்டுக் கழிவறையைக் கேட்டுப் போய்வரலாம்.